கோலாலம்பூரின் வணிக வழக்கறிஞர்கள்: யார், எங்கே, எதற்கு? தோட்டத்திலும் பட்டணத்திலும் இருப்போர் அறிய வேண்டியவை

காஜாங்கில் எம்ஆர்டி ரயில் ஏறினால் முக்கால் மணி நேர அளவில் தூன் ரசாக் எக்ஸ்சேஞ்ச் நிலையத்தில் இறங்கிவிடலாம். அந்த வட்டாரத்திலும், ஜாலான் ராஜா சூலான், லெபோ அம்பாங், டாமன்சாரா போன்ற இடங்களிலும் உள்ள மாடிக் கட்டடங்களில் நாட்டின் பெரிய சட்ட நிறுவனங்கள் இயங்குகின்றன. வங்கிகளும் பங்குச் சந்தை நிறுவனங்களும் அரசு சார்ந்த முதலீட்டு நிறுவனங்களும்தான் அவற்றின் வாடிக்கையாளர்கள். சம்பளத்துக்கு வேலை செய்யும் சாதாரண மனிதர் அங்கே போவது அரிது.

ஆனால், அங்கே எழுதப்படும் ஒப்பந்தங்கள் செமினி, ரிஞ்சிங், புரோகா, பெரானாங் வரைக்கும் வந்து சேர்கின்றன. ஒரு தோட்டம் கைமாறுவது, பால்மரமும் செம்பனையும் நின்ற நிலம் வீடமைப்பாவது, தொழிற்சாலை வேறு நிறுவனத்தோடு இணைவது ஆகிய எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு வணிக வழக்கறிஞரின் கோப்பு இருக்கிறது. அந்தக் கோப்பில் உள்ளது என்ன, நம் பக்கம் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரியாமல் கையெழுத்துப் போட்டு இழப்புக்கு ஆளானவர்கள் நம் சமூகத்தில் பலர். அவர்களுக்காகவும், சட்டம் படிக்க நினைக்கும் பிள்ளைகளுக்காகவும் இந்தத் தொகுப்பு.

வணிக வழக்கறிஞர் என்பவர் யார்?

இங்கிலாந்தில் நீதிமன்றத்தில் வாதாடுபவர் ஒருவர், ஒப்பந்தம் எழுதி ஆலோசனை சொல்பவர் இன்னொருவர். மலேசியாவில் அந்தப் பிரிவு இல்லை. 1976ஆம் ஆண்டு சட்டத் தொழில் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற ஒருவர் இரண்டு வேலையையும் செய்யலாம். மலாய் மொழியில் 'பெகுவாம்பேலா டான் பெகுவாம்சாரா' என்று அலுவலகப் பலகைகளில் எழுதியிருப்பதன் பொருள் அதுதான். தீபகற்ப மலேசியாவில் இப்போது 20,000க்கும் மேற்பட்ட வழக்கறிஞர்கள் தொழில் நடத்துகிறார்கள். சபாவுக்கும் சரவாக்கிற்கும் தனித்தனி அமைப்புகள் உண்டு.

சட்டம் எல்லாருக்கும் ஒன்று என்றாலும், நடைமுறையில் வழக்கறிஞர்கள் துறை பிரித்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். குற்றவியல், குடும்பம், சாலை விபத்து ஆகியவற்றைப் பார்ப்பவர்களைத்தான் நம்மில் பலருக்குத் தெரியும். வணிக வழக்கறிஞரின் வேலை வேறு. நிறுவனம் வாங்குவது, விற்பது, இணைப்பது. வங்கிக் கடன் பத்திரம் எழுதுவது. பங்குச் சந்தையில் நிறுவனத்தைப் பட்டியலிடுவது. வரி, கட்டுமானம், காப்புறுதி, வர்த்தகச் சின்னம், திவால் ஆகிய தகராறுகளில் வாதாடுவது. முதலாளி தரப்பில் வேலைச் சட்ட ஆலோசனை சொல்வது. இவையெல்லாம் அவர் மேசைக்கு வரும்.

கோலாலம்பூருக்கே உரிய ஒரு துறையும் இருக்கிறது. வட்டி வாங்காத இஸ்லாமிய நிதிப் பத்திரமான சுக்குக் மலேசியாவில் முதன்முதலில் 1990ஆம் ஆண்டு ஷெல் குழுமத்தின் நிறுவனம் ஒன்றால் 125 மில்லியன் ரிங்கிட்டுக்கு வெளியிடப்பட்டது. 2002இல் மலேசிய அரசே 600 மில்லியன் அமெரிக்க டாலருக்கு அனைத்துலகச் சந்தையில் சுக்குக் வெளியிட்டது. இந்தப் பத்திரங்களை எழுதிப் பழகிய வழக்கறிஞர்கள் இங்கே அதிகம் என்பதால், வளைகுடா நாடுகளின் பணமும் கோலாலம்பூரை நாடி வருகிறது.

வழக்கு எங்கே நடக்கிறது?

பழைய காலத்தில் கோலாலம்பூர் நீதிமன்றங்கள் டத்தாரான் மெர்டேக்காவுக்கு எதிரே உள்ள சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தில் இயங்கின. 2007 முதல் ஜாலான் டூத்தாவில் உள்ள நீதிமன்ற வளாகத்தில் இயங்குகின்றன. அங்கே 2009 செப்டம்பரில் புதிய வணிக நீதிமன்றம் தொடங்கப்பட்டது. ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்த வணிக வழக்குகளை மாதக்கணக்கில் முடிக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

பணத் தகராறு எந்த நீதிமன்றத்துக்குப் போகும் என்பது தொகையைப் பொறுத்தது. 100,000 ரிங்கிட் வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம். 10 லட்சம் ரிங்கிட் வரை செஷன்ஸ் நீதிமன்றம். அதற்கு மேல் உயர் நீதிமன்றம். அங்கிருந்து புத்ராஜெயாவில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றமும் கூட்டரசு நீதிமன்றமும். 1985 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்பு கடைசி மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. அன்றோடு அந்த வழி மூடப்பட்டது.

நீதிமன்றத்துக்கு வெளியே, நடுவர் மன்றம் என்ற வழியும் உண்டு. 1978இல் கோலாலம்பூரில் தொடங்கிய வட்டார நடுவர் மையம், 2018 பிப்ரவரியில் ஆசிய அனைத்துலக நடுவர் மையம் என்று பெயர் மாறியது. கட்டுமான நிறுவனங்களும் வெளிநாட்டு நிறுவனங்களும் தங்கள் தகராறை இங்கே மூடிய அறையில் தீர்த்துக்கொள்கின்றன. 2010 முதல் 2018 வரை இந்த மையத்தின் இயக்குநராக இருந்து அதை உலக அளவில் அறிமுகப்படுத்தியவர் டத்தோ சுந்தர ராஜூ.

முன்னணி நிறுவனங்கள்

ஷியர்ன் டெலமோர்: 1905இல் தொடங்கியது. நாட்டின் மிகப் பழைய, பெரிய நிறுவனங்களில் ஒன்று. நிறுவனச் சட்டம், வழக்காடல், அறிவுசார் சொத்து, முதலாளி தரப்பு வேலைச் சட்டம் ஆகியவற்றில் பெயர் பெற்றது.

ஷூக் லின் அண்ட் போக்: 1918இல் யோங் ஷூக் லின் கோலாலம்பூரில் தொடங்கியது. வங்கி வழக்குகளுக்கும் வணிக வழக்காடலுக்கும் பேர் போனது.

ஸ்க்ரைன்: 1963இல் தொடங்கியது. பிற்காலத்தில் நாட்டின் பெரிய வழக்கறிஞர்களாக ஆன பலர் இங்கேதான் தொழில் பழகினார்கள். முன்னாள் சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் அவர்களில் ஒருவர்.

ஜைட் இப்ராஹிம் நிறுவனம்: 1980களின் பிற்பகுதியில் தொடங்கி, குறுகிய காலத்தில் நாட்டின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்து, ஆசியான் நாடுகளிலும் கிளை பரப்பியது. அதைத் தொடங்கிய ஜைட் இப்ராஹிம் 2008இல் சட்டத்துறை அமைச்சரானார். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டக் கைதுகளை எதிர்த்து அதே ஆண்டில் பதவி விலகினார்.

லீ ஹிஷாமுடின் அலன் அண்ட் கிளெட்ஹில், ராஜா டாரில் அண்ட் லோ, சூல் ரபிக் அண்ட் பார்ட்னர்ஸ், அஸ்மி அண்ட் அசோசியேட்ஸ், காடிர் அன்ட்ரி, அட்னான் சுந்தரா அண்ட் லோ ஆகியவையும் வணிக உலகில் அடிக்கடி அடிபடும் பெயர்கள்.

வெளிநாட்டுத் தொடர்புள்ளவை தனி வகை. வோங் அண்ட் பார்ட்னர்ஸ், உலகளாவிய பேக்கர் மெக்கென்சி நிறுவனத்தின் மலேசிய உறுப்பு. கிறிஸ்டபர் அண்ட் லீ ஓங், சிங்கப்பூரின் ராஜா அண்ட் டான் கூட்டமைப்பைச் சேர்ந்தது. ரஹ்மாட் லிம் நிறுவனத்துக்குச் சிங்கப்பூரின் அலன் அண்ட் கிளெட்ஹில்லோடு தொடர்பு. வெளிநாட்டு நிறுவனங்கள் நேரடியாக இங்கே உரிமம் பெறும் வழி 2014இல்தான் திறந்தது. அதன்படி முதல் உரிமம் 2015இல் பிரிட்டனின் டிரோவர்ஸ் அண்ட் ஹாம்லின்ஸுக்குக் கிடைத்தது. இஸ்லாமிய நிதியில் அதற்கு உள்ள அனுபவம் அதற்கு ஒரு காரணம்.

'முதல் தரம்', 'இரண்டாம் தரம்' என்று இந்த நிறுவனங்களை வரிசைப்படுத்துவது சேம்பர்ஸ், லீகல் 500 போன்ற வெளிநாட்டு ஆண்டு ஏடுகள். நிறுவனங்கள் அனுப்பும் விவரங்களையும், வாடிக்கையாளர்கள், சக வழக்கறிஞர்கள் ஆகியோரின் கருத்துகளையும் வைத்து இவை தரம் பிரிக்கின்றன. 50 கோடி ரிங்கிட் கடன் பத்திரம் எழுத ஆள் தேடும் வங்கிக்கு இந்தப் பட்டியல் உதவும். 3 லட்சம் ரிங்கிட் வீடு வாங்கும் குடும்பத்துக்கு இதனால் பெரிய பயன் இல்லை. அந்த வேலையைக் காஜாங்கிலோ செமினியிலோ கடைவீட்டு மாடியில் அலுவலகம் வைத்திருக்கும் நாணயமான வழக்கறிஞர் நன்றாகவே செய்து தருவார்.

நம்மவர் பெயர்கள்

மலாயாவின் பழைய சட்ட அறிக்கைகளைப் புரட்டினால் செட்டியார் பெயர்கள் வரிசையாக வரும். நிலத்தை அடமானமாக வாங்கிக் கடன் கொடுத்த நகரத்தார் கிட்டங்கிகளின் வழக்குகள் அவை. இந்நாட்டு அடமானச் சட்டத்தின் பல கேள்விகள் அவர்களுடைய வழக்குகளில்தான் தீர்க்கப்பட்டன. வணிகச் சட்டத்துக்கும் தமிழருக்கும் உள்ள உறவு அவ்வளவு பழையது.

வழக்கறிஞர் எஸ்.என். வீராசாமி 1928இல் கூட்டரசு மன்றத்தில் இந்தியர்களின் பிரதிநிதியாக நியமிக்கப்பட்டார். 1946இல் மலாயா இந்தியர் காங்கிரசைத் தொடங்கிய ஜான் திவியும் வழக்கறிஞரே. கோலாலம்பூரின் பழைய நிறுவனமான பிராடல் அண்ட் ரமணியின் பெயரில் உள்ள ரமணி, ராதாகிருஷ்ண ரமணி. வழக்கறிஞர் மன்றத்துக்குத் தலைமை தாங்கிய அவர், 1964இல் ஐக்கிய நாடுகள் மன்றத்தில் மலேசியாவின் நிரந்தரப் பிரதிநிதியானார். இந்தோனேசியாவோடு மோதல் நடந்த காலத்தில் பாதுகாப்பு மன்றத்தில் மலேசியாவுக்காகப் பேசியவர் அவர்.

டத்தோ பரம் குமாரசாமியின் கதை, வணிகச் சட்டம் எவ்வளவு கூர்மையான ஆயுதம் என்பதைக் காட்டுகிறது. ஷூக் லின் அண்ட் போக் நிறுவனப் பங்காளியான அவர், 1986 முதல் 1988 வரை வழக்கறிஞர் மன்றத் தலைவராக இருந்தார். 1994இல் நீதிபதிகள், வழக்கறிஞர்களின் சுதந்திரத்துக்கான ஐநா சிறப்பு அறிக்கையாளரானார். 1995இல் வணிக வழக்குகள் பற்றிய ஒரு வெளிநாட்டு இதழ், மலேசிய நீதித்துறையைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. அதில் விவாதிக்கப்பட்ட வழக்கு ஓர் ரப்பர் நிறுவனத்தின் பங்குகளைப் பற்றியது: ஆயர் மோலெக். அந்தக் கட்டுரையில் பரம் சொன்ன கருத்துக்காக நிறுவனங்கள் அவர் மீது அவதூறு வழக்குத் தொடுத்தன. முதல் வழக்கில் கேட்ட தொகையே 30 மில்லியன் ரிங்கிட். விவகாரம் தி ஹேக் அனைத்துலக நீதிமன்றம் வரை போனது. ஐநா பணியில் பேசியதற்காக அவர் மீது வழக்குத் தொடுக்க முடியாது என்று 1999 ஏப்ரல் 29இல் அந்த நீதிமன்றம் கருத்துரைத்தது.

டத்தோ அம்பிகா ஸ்ரீனிவாசனைத் தெருப் பேரணிகளில் பார்த்துப் பழகிய பலருக்கு, அவருடைய தொழில் வணிக வழக்காடல் என்பது தெரியாது. 1982இல் வழக்கறிஞராகப் பதிவு பெற்ற அவர், 2007 முதல் 2009 வரை வழக்கறிஞர் மன்றத் தலைவராக இருந்தார். அப்பதவிக்கு வந்த இரண்டாவது பெண் அவர். வணிக வழக்குகளில் பெரும் பெயரெடுத்த கோபால் ஸ்ரீராம், 1994இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உருவானபோது வழக்கறிஞர் தொழிலிலிருந்து நேராக அந்த நீதிமன்றத்தின் நீதிபதியானார். பின்னர் கூட்டரசு நீதிமன்ற நீதிபதியாக ஓய்வு பெற்று, 1எம்டிபி வழக்கில் அரசுத் தரப்புக்குத் தலைமை தாங்கினார். 2023 ஜனவரியில் காலமானார். எஸ்ஆர்சி வழக்கில் அரசுத் தரப்பில் வாதாடிய டத்தோ வி. சிதம்பரமும் தனியார் தொழிலிலிருந்து அழைக்கப்பட்டவரே.

நிறுவன, திவால் வழக்குகளில் டத்தோ லோகநாதன் சபாபதியும், வரி வழக்குகளில் எஸ். சரவணகுமாரும் தங்கள் பெயரிலேயே நிறுவனம் நடத்தும் அளவுக்கு வளர்ந்தவர்கள். பெயர்ப்பலகையில் இடம்பெறாமல், பெரிய நிறுவனங்களில் பங்காளிகளாக இருக்கும் தமிழர்கள் இன்னும் பலர்.

தோட்டம் கைமாறும்போது

1981 செப்டம்பர் 7ஆம் தேதி லண்டன் பங்குச் சந்தையில் காலை நேரத்தில் மலேசிய அரசு சார்ந்த பிஎன்பி நிறுவனம் கத்ரி நிறுவனத்தின் பங்குகளை வாங்கிக் குவித்தது. பல்லாயிரம் தொழிலாளர்கள் வேலை செய்த தோட்டங்கள் ஒரே நாளில் வேறு கைக்கு மாறின. 2007இல் கத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி மூன்றும் ஒன்றாயின. 2017இல் அந்த நிறுவனம் மீண்டும் மூன்றாகப் பிரிந்து, தோட்டம் ஒரு நிறுவனத்திடமும் நில மேம்பாடு இன்னொரு நிறுவனத்திடமும் போயின. ஒவ்வொரு முறையும் வழக்கறிஞர்கள் பலர் மாதக்கணக்கில் பத்திரம் எழுதினார்கள். தோட்டத்தில் இருந்தவர்களுக்குப் பெயர்ப்பலகை மாறியதுதான் தெரிந்தது.

இப்படிக் கைமாறும்போது தொழிலாளிக்குச் சட்டம் தரும் பாதுகாப்புகளை அறிந்திருப்பது நல்லது.

முதலாவது, 1980ஆம் ஆண்டு வேலை நிறுத்த, ஆட்குறைப்பு இழப்பீட்டு விதிகள். மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத சம்பளம் வாங்கி, குறைந்தது 12 மாதம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு இவை பொருந்தும். 2 ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். 2 முதல் 5 ஆண்டுக்குள் என்றால் ஆண்டுக்கு 15 நாள். 5 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் ஆண்டுக்கு 20 நாள். 20 ஆண்டு பால் வெட்டியவருக்கு 400 நாள் சம்பளம் சேரும். வேலை முடிந்த 7 நாளுக்குள் அதைக் கொடுத்தாக வேண்டும்.

இரண்டாவது, முன்னறிவிப்பு. ஒப்பந்தத்தில் வேறு காலம் சொல்லாவிட்டால் 2 ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு 4 வாரம், 5 ஆண்டுக்குள் 6 வாரம், அதற்கு மேல் 8 வாரம்.

மூன்றாவது, புதிய முதலாளி வந்தால் என்ன ஆகும் என்பது. தொழில் கைமாறிய 7 நாளுக்குள், பழைய நிபந்தனைகளுக்குக் குறையாத நிபந்தனைகளில் வேலையைத் தொடரப் புதிய முதலாளி முன்வந்தால், இழப்பீடு கிடையாது. பழைய சேவைக் காலம் தொடரும். அப்படி முன்வரவில்லை என்றால் வேலை முடிந்ததாகவே கருதி, இழப்பீடு கொடுக்கப்பட வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 'புதிய ஒப்பந்தம்' என்று நீட்டப்படும் தாளில் சேவை இன்று முதல் தொடங்குகிறது என்று ஒரு வரி இருந்தால், 20 ஆண்டு உழைப்பு அந்த ஒரு வரியில் போய்விடலாம். கையெழுத்துப் போடும் முன் தோட்டத் தொழிலாளர் சங்கத்திடமோ தொழிலாளர் இலாகாவிடமோ காட்டுங்கள்.

நான்காவது, நிலம். தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவின்படி, 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைத் துண்டு போட்டு விற்கத் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டாடி விற்றுவிட்டுப் போனபோது ஆயிரக்கணக்கானோர் வேலையும் வீடும் இழந்த அனுபவத்திலிருந்து பிறந்த பிரிவு இது. அதே அனுபவத்தில்தான் 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்.

நியாயமற்ற முறையில் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர், 60 நாளுக்குள் தொழிலுறவு இலாகாவில் முறையிட வேண்டும். 61ஆவது நாள் போனால் கதவு மூடிவிடும். முறையீடு செய்ய வழக்கறிஞர் தேவையில்லை, கட்டணமும் இல்லை. சமரசம் எட்டவில்லை என்றால் விவகாரம் தொழிலியல் நீதிமன்றத்துக்கு அனுப்பப்படும். முதலாளி தரப்பில் பெரிய நிறுவனத்தின் வழக்கறிஞர் வந்து நிற்பது அங்கேதான். அந்த நேரத்தில் நம் பக்கம் சங்கமோ வழக்கறிஞரோ இருப்பது அவசியம்.

வீடு வாங்கும்போது

தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பம் வாழ்நாளில் போடும் மிகப் பெரிய வணிக ஒப்பந்தம், வீடு வாங்கும் ஒப்பந்தம்தான். செமினியைச் சுற்றிப் புதிய வீடமைப்புகள் எழும்பிக்கொண்டிருக்கும் இந்த நாளில் இதில் கவனம் தேவை.

'ஒப்பந்தச் செலவு இலவசம்' என்று விளம்பரம் செய்யும் மேம்பாட்டாளர் ஒரு வழக்கறிஞரைக் காட்டுவார். அவர் மேம்பாட்டாளருக்கு வேலை செய்பவர். சட்டத் தொழில் சட்டத்தின் 84ஆவது பிரிவின்படி, வீடமைப்பில் ஒரே வழக்கறிஞர் மேம்பாட்டாளருக்கும் வாங்குபவருக்கும் சேர்ந்து வேலை செய்யக் கூடாது. ஆகவே, 'இவர்தான் உங்கள் லாயர்' என்று யாராவது சொன்னால், 'நீங்கள் யாருக்காக வேலை செய்கிறீர்கள்?' என்று அந்த வழக்கறிஞரிடமே கேளுங்கள்.

பழைய வீட்டை இன்னொருவரிடமிருந்து வாங்கினால் கட்டணம் எவ்வளவு? 2023 ஜூலை 15 முதல் நடப்பில் உள்ள அரசாங்க அட்டவணைப்படி, விலையில் முதல் 500,000 ரிங்கிட்டுக்கு 1.25 விழுக்காடு, அடுத்த தொகைக்கு 1 விழுக்காடு. 300,000 ரிங்கிட் வீட்டுக்கு 3,750 ரிங்கிட். நிறுவனம் சேவை வரிக்குப் பதிவு செய்திருந்தால் 8 விழுக்காடு, அதாவது இன்னும் 300 ரிங்கிட். இதே வீட்டின் பெயர் மாற்ற முத்திரை வரி, குடிமகனுக்கு 5,000 ரிங்கிட். முதல் வீடு வாங்குவோருக்கு அவ்வப்போது அரசு விலக்கு அளிக்கிறது, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வங்கிக் கடன் ஒப்பந்தத்துக்குத் தனிக் கட்டணம் உண்டு. முன்பணத்தை முகவரின் சொந்தக் கணக்கில் போடாதீர்கள். வழக்கறிஞர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்கில் போட்டு ரசீது வாங்குங்கள்.

புதிய வீட்டை ஒப்படைக்கும் காலம் சட்ட அட்டவணையில் உள்ளது: வழக்கமாகத் தரை வீட்டுக்கு 24 மாதம், அடுக்குமாடிக்கு 36 மாதம். தாமதித்தால் விலையில் ஆண்டுக்கு 10 விழுக்காடு கணக்கில் இழப்பீடு. ஓர் அடுக்குமாடித் திட்டத்தில் இந்த 36 மாதத்தை 48ஆக நீட்டிக்க அனுமதி தரப்பட்டபோது, வாங்கியவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2019 நவம்பர் 26இல், ஆங் மிங் லீ வழக்கில், அப்படி நீட்டிக்க அதிகாரம் தந்த விதியே செல்லாது என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு பழைய ஒப்பந்தங்களுக்குப் பின்னோக்கிப் பொருந்தாது என்று அதே நீதிமன்றம் பிற்பாடு வரம்பு போட்டது. ஆனாலும், சாதாரண வீட்டுக்காரர்கள் பெரிய நிறுவனத்தை உச்ச நீதிமன்றம் வரை எதிர்த்து நின்று வென்ற வழக்கு என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது.

வழக்கறிஞர் தேவைப்படாத இடங்கள்

சின்னத் தொகைக்கு வழக்கறிஞர் வைத்தால், செலவு தொகையை மிஞ்சிவிடும். அதற்காகவே சில வழிகள் உள்ளன.

5,000 ரிங்கிட் வரையிலான கடன், வாடகை போன்றவற்றுக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவு. தனிநபர் தாமே மனுச் செய்யலாம்.

பழுதான பொருள், ஏமாற்றிய சுற்றுலா நிறுவனம், சரியாகச் செய்யாத வேலை போன்றவற்றுக்குப் பயனீட்டாளர் நடுவர் மன்றம். 50,000 ரிங்கிட் வரை. 3 ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும்.

மேம்பாட்டாளர் மீது 50,000 ரிங்கிட் வரை கோர, வீடு வாங்குவோர் நடுவர் மன்றம். அடுக்குமாடி நிர்வாகத் தகராறுகளுக்கு 250,000 ரிங்கிட் வரை ஸ்ட்ராட்டா நிர்வாக நடுவர் மன்றம்.

வசதி குறைந்தவர்களுக்குக் குடும்ப, சிவில் விவகாரங்களில் அரசின் சட்ட உதவி இலாகா உதவுகிறது. கைது, ஜாமீன் போன்ற குற்றவியல் விவகாரங்களில் தேசியச் சட்ட உதவி அறவாரியம் உதவுகிறது. வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்கள் கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் இயங்குகின்றன.

எதைச் செய்தாலும் காலம் தாழ்த்தாதீர்கள். ஒப்பந்தத் தகராறில் வழக்குத் தொடுக்க 6 ஆண்டுதான் அவகாசம். நிலத்தை மீட்க 12 ஆண்டு.

நல்ல வழக்கறிஞரைத் தெரிந்துகொள்வது எப்படி?

மலேசிய வழக்கறிஞர் மன்ற இணையத்தளத்தில் பெயரைத் தட்டினால், அவர் இந்த ஆண்டு தொழில் நடத்தச் சான்றிதழ் பெற்றிருக்கிறாரா என்று தெரியும். பெயர் வரவில்லை என்றால் பணம் கொடுக்காதீர்கள். மருத்துவமனை வாசலிலோ காவல் நிலையத்திலோ நின்று 'நல்ல லாயர் தெரியும்' என்று ஆள் பிடிப்பவரை நம்பாதீர்கள். அது சட்டத்துக்குப் புறம்பானது. வழக்கு வென்றால் வரும் பணத்தில் இத்தனை விழுக்காடு எனக்கு என்று பேரம் பேசுவதும் நம் நாட்டில் தடைசெய்யப்பட்டது.

நீதிமன்ற வழக்குகளுக்கு நிலையான கட்டண அட்டவணை கிடையாது. ஆகவே, கட்டணம் எவ்வளவு, எதையெல்லாம் உள்ளடக்கும், மேல்முறையீட்டுக்குத் தனியா என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள். கொடுக்கும் ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும் ரசீது கேளுங்கள். தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

வழக்கறிஞர் பணத்தை வைத்துக்கொண்டாலோ, வேலையை அசட்டை செய்தாலோ வழக்கறிஞர்கள் ஒழுங்கு வாரியத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் செய்யலாம். அந்த வாரியம் அபராதம் விதிக்கவும், தொழிலிலிருந்து இடைநீக்கம் செய்யவும், பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கவும் அதிகாரம் உள்ளது. ஒவ்வொரு வழக்கறிஞரும் கட்டாயமாகத் தொழில் காப்புறுதி வைத்திருக்க வேண்டும். வழக்கறிஞரின் மோசடியால் பணம் இழந்தவர்களுக்கு இழப்பீட்டு நிதியும் உண்டு.

சட்டம் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு

மலாயாப் பல்கலைக்கழகச் சட்டத் துறை 1972இல் தொடங்கியது. செமினிக்குப் பக்கத்திலேயே பாங்கியில் உள்ள மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்திலும் சட்டப் படிப்பு உண்டு. இத்தகைய அரசாங்கப் பல்கலைக்கழகப் பட்டதாரிகள் சிஎல்பி தேர்வு எழுத வேண்டியதில்லை. பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் அங்கீகரிக்கப்பட்ட பட்டம் பெற்றவர்கள் பொதுவாகச் சிஎல்பி தேர்வில் தேற வேண்டும். பிரிட்டனில் பாரிஸ்டராகத் தகுதி பெற்றவர்களுக்கு அது வேண்டாம். மலாய் மொழித் தகுதி எல்லாருக்கும் அவசியம்.

அதன் பிறகு ஒரு மூத்த வழக்கறிஞரிடம் 9 மாதம் தொழில் பழக வேண்டும். 'சேம்பரிங்' என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். அது முடிந்து உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்து, நீதிபதி முன்னிலையில் பதிவு பெற்றால் கறுப்பு அங்கி அணியலாம். பெரிய வணிக நிறுவனங்கள் பெரும்பாலும் சேம்பரிங் காலத்திலேயே ஆள் தேர்வு செய்கின்றன. படிக்கும் காலத்திலேயே விடுமுறையில் அங்கே பயிற்சிக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு வாய்ப்பு அதிகம். நல்ல தேர்ச்சியோடு, ஆங்கிலத்தில் தெளிவாக எழுதும் திறனும் எதிர்பார்க்கப்படுகிறது. அதை இடைநிலைப் பள்ளியிலிருந்தே வளர்க்கலாம்.

தோட்டத்தில் பிறந்த பிள்ளை வணிகச் சட்டம் படிப்பதில் நமக்கு ஒரு தனிப் பயன் உண்டு. நிலம் கைமாறும் பத்திரத்தை எழுதும் மேசையில் லயத்து வாழ்க்கையை அறிந்த ஒருவர் இருந்தால், தொழிலாளரின் சேவைக் காலம், வீடு, கோயில், தமிழ்ப்பள்ளி நிலம் ஆகியவை என்ன ஆகும் என்ற கேள்வியை அவர் எழுப்புவார். கையெழுத்துக்கு முன் அந்தக் கேள்வி எழுந்தால் ஒரு பிரிவைச் சேர்த்தே தீர்த்துவிடலாம். கையெழுத்துக்குப் பின் எழுந்தால் அதற்கு ஒரு வழக்கு வேண்டியிருக்கும்.

இந்தப் பக்கத்தை வெட்டி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். 60 நாள், 7 நாள், 6 ஆண்டு ஆகிய கெடுக்களைக் குறித்துவைத்து, தேவைப்படும் அண்டை அயலாருக்கும் சொல்லுங்கள்.